இருபத்தொன்பதாம் வாரம்

உவர்மலையிலிருந்து நிலாவெளிக்கு ஒன்பது மைல்.
சொந்த ஊரிலேயே ஹொட்டல் அறை வாங்கினவள் என்று
வங்கியில் என்னைப் பகிடி பண்ணினார்கள்.
அறை இல்லை, வாரம் என்றேன்.
ஆண்டுக்கு ஏழு இரவு, ஆடி பிறக்கிற கிழமை,
இரண்டாம் மாடி, கடல் பக்கம்.
உறுதியில் தயாபரனின் பேரும் என் பேரும்.

பதினொரு வருசம், சனிக்கிழமை பத்து மணிக்குச்
சாவி கைமாறிற்று.
எங்களுக்குப் பின்னால் முப்பதாம் வாரம்:
கிண்ணியா பஸ்ரியா, மூன்று பெடியன்கள், காற்றடித்த வாத்து ஒன்று.
படிக்கட்டில் மட்டும் பழக்கம்.
அலுமாரியில் நான் விட்டுப்போகும் உப்புப் போத்தல்
அடுத்த ஆடியில் நிறைந்திருக்கும்.
ஐம்பத்தொரு வீட்டாரில் யாரோ நிரப்புகிறார்கள்.

இப்போது டிலக்சன் வந்திருக்கிறான், டையும் மடிக்கணினியுமாக.
"வாரம் பழசு அன்ரி. இனிப் புள்ளிதான்.
நுவரெலியா போகலாம், பெந்தோட்டை போகலாம்,
இரண்டிரவு, மூன்றிரவு, விரும்பினபடி உடைக்கலாம்."

நான் முப்பது வருசம் பேரேடு பார்த்தவள்.
வாரத்தைக் கொடுத்தால் ஆறாயிரத்து இருநூறு புள்ளி.
அதே வாரத்தை, அதே கட்டிலைத் திரும்ப எடுக்க
ஏழாயிரம்.
"இந்த எண்ணூறு எங்கே போனது, தம்பி?"
"அது சீசன், அன்ரி."
கார்த்திகையில் என்றால் ஆயிரத்தைந்நூறுக்கே தருவார்களாம்
முழுக் கிழமையும்,
வாடைக்காற்று, கறுத்த கடல், கரையேறிய சாதாளை எல்லாம் சேர்த்து.
பாவிக்காத புள்ளி இரண்டு வருசத்தில் செத்துப்போகும்.
பராமரிப்புக் கட்டணம் சாகாது.

பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே,
எழுத்தின் தலையில் புள்ளி விழுந்தால்
உயிர் போய்விட்டது என்று.
கோட்டை வாசலில் பாண் துண்டுக்கு நிற்கும் மான்களைக் கேள்,
காலாவதியாகாத புள்ளி அவைகளிடம் இருக்கிறது.
இப்படி ஏதாவது சொல்லி அவனை அனுப்பியிருப்பேன்.

ஆனால் திங்கள், புதன், வெள்ளி.
பெரியாஸ்பத்திரியில் நாலு மணித்தியாலம், மெசினோடு.
தயாபரனுக்கு இனி ஏழு இரவு சேர்ந்தாற்போல் இல்லை.
போன ஆடியில் நிலாவெளியிலிருந்து மூன்று தரம்
ஓட்டோவில் போய் வந்தோம்.
வந்து கடலுக்கு முதுகைக் காட்டிப் படுத்தார்.
நான் அலையை எண்ணினேன்.
அதிலும் கணக்குப் பிழைத்தது.

அவரையே கேட்டேன்.
ஊசித் தழும்புக் கையைத் தலையணையில் கிடத்தியபடி,
"தம்பலகாமத்தில் வயலை வாரத்துக்கு விட்டால்
பாதி நெல்லாவது வரும்.
இதில் உப்புத்தான் வருகுது.
உடைக்கலாம் என்றால் உடை."
கொஞ்சம் பொறுத்து,
"கார்த்திகைக் கடலை நான் வடிவாய்ப் பார்த்ததில்லை."

அட்டவணையில் தேடினேன்.
கார்த்திகை, சனி ஞாயிறு, இரண்டு இரவு: நானூற்றைம்பது.
பதின்மூன்று தரம் போகலாம்,
கையில் முந்நூற்றைம்பது மிஞ்சும்.
பதின்மூன்று தரம்.
அதற்குமேல் நான் பெருக்கவில்லை.

யோகமலர் என்று கையெழுத்துப் போட்டேன்.
டிலக்சன் குனிந்து பார்த்தான்.
"கடைசி ரானாவுக்குப் புள்ளி விடுபட்டுப்போச்சு, அன்ரி."
"வைக்கிறன், பொறும்."

பேனையைத் தூக்கியபோதுதான் நினைவு வந்தது,
பஸ்ரியாவின் நம்பர் என்னிடம் இல்லை.