பத்து மீற்றர்

கேபிளை அணில் கடித்துவிட்டது,
மாங்குளம் விடுதியில், இரவு, மேசைக்கு அடியில்.
ஆகவே இன்று கம்பியில்லாமல்.

சவர்க்காரக் கட்டியளவு கருவி.
பச்சை மினுங்கினால் வானத்தைக் கண்டுவிட்டது,
நீலம் நின்று எரிந்தால் என்னைக் கண்டுவிட்டது.
பச்சை எப்போதோ மினுங்கத் தொடங்கிவிட்டது.

ஒலுமடுவுக்கு உள்ளே மூன்று கிலோமீற்றர்.
லாண்ட்மாஸ்ரர் பெட்டியின் நிழலில் நான்,
மடியில் மடிக்கணினி, நெருப்புச் சட்டிபோல.
நிழலை விட்டு ஒரு முழம் தள்ளினால்
திரையில் என் மூக்குத்தான் தெரிகிறது.

தேடு என்றேன்.
சுற்றிச் சுற்றி வந்த அந்தச் சின்ன வட்டத்தைக்
கனகாம்பிகை அக்கா எட்டிப் பார்த்தா.
"என்னத்தைத் தேடுது?"
"உங்கட கையில இருக்கிறதை."
"அது இஞ்சதானே இருக்கு!"

பட்டியல் விழுந்தது.
சாரதி யோகேசின் போன்.
வெறும் இலக்கங்களாய் ஏதோ ஒன்று.
கீழே, சாம்பல் எழுத்தில், பழையவை
(இந்தக் கணினி எனக்கு முன் யாரிடமோ இருந்தது,
ஒரு நிறுவனம் மூடிக்கொண்டு போகும்போது
கந்தோருக்குத் தந்துவிட்டுப் போனது):
தயாபரன்.
மல்லாவி இரண்டு.
றெஜி புதுப் போன்.
ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரே வரி:
இணைக்கப்பட்டுள்ளது. அருகில் இல்லை.

அக்கா வாசித்தா. இரண்டாந்தரமும் வாசித்தா.
"இதுகளை அழிக்கேல்லையோ பிள்ளை?"
"அழிக்கலாம் அக்கா."
அவ பேசாமல் காட்டுப் பக்கம் திரும்பினா.
நான் அழிக்கவில்லை.
இன்றைக்கு வந்த வேலை அது இல்லைத்தானே.

கடவுச்சொல் நான்கு பூச்சியம்.
நீலம் நின்றது.
ஆனாலும் வரைபடம் வெறுமை:
கருவி ஏழாம் துறையில் பேசிக்கொண்டிருக்க
மென்பொருள் நான்காம் துறையில் காது கொடுத்திருந்தது,
பஸ் ஒரு தரிப்பில், ஆள் இன்னொரு தரிப்பில்.
மாற்றினேன்.
பொலபொலவென்று எண்கள்.
ஒன்பது பாகை வடக்கு, எண்பது பாகை கிழக்கு,
செய்மதி எட்டு.

"நடவுங்கோ அக்கா, வேலியால."
வேலி உறுதிக் கடதாசியில் மட்டும்:
கிழக்கே கிணறு, மேற்கே பாலை,
வடக்கே தில்லையம்பலம் காணி, தெற்கே ஒழுங்கை.
கிணறு தூர்ந்து, மேலே நாயுண்ணி பூத்திருக்கிறது.
பாலை நின்ற இடத்தில் காற்று நிற்கிறது.

பன்னிரண்டாம் எட்டில் நீலம் போய்விட்டது.
இருபதாயிரம் கிலோமீற்றர் தாண்டி வந்த குரல்
ஒரு பெண்ணின் கையில் இறங்கி
என்னிடம் வரும் கடைசிப் பத்து மீற்றரில் தொலைகிறது.
"வயித்தோட பிடிக்காதேங்கோ, தலைக்கு மேல பிடியுங்கோ!
உடம்பில இருக்கிற தண்ணி அலையைக் குடிச்சிடும்!"
"என்ர தண்ணியோ?"
"எல்லாற்ற தண்ணியும்தான்."

கடைசியில் நானே எழும்பினேன்.
துவாய்க்குள் தலையும் கணினியும்,
அக்காவின் குதிக்காலைப் பார்த்தபடி,
பத்து மீற்றர் பின்னால்,
இலந்தை முள் காற்சட்டையை இழுக்க இழுக்க.

நாலு பக்கமும் முடிந்தது.
சரிபார்க்க ஒரு மூலைவிட்டம் வேண்டும்:
கிணற்று மூலையிலிருந்து ஒழுங்கை மூலைக்கு, நேராக.
"நேரா வாங்கோ அக்கா," இரண்டுதரம் சொன்னேன்.
அவ நேராகத்தான் வந்தா.
திரையில் கோடு வழியில் ஓரிடத்தில்
இடப்பக்கம் மடங்கி, நாலு எட்டு போய்,
வலப்பக்கம் மடங்கி, மறுபடி கோட்டில் ஏறியிருந்தது.
நிலத்தைப் பார்த்தேன். புல்.
அத்திவாரக் கல்லொன்றுகூட இல்லை.

"அதில ஏன் சுத்தினீங்கள்?"
"எதில?"
காட்டினேன்.
திரையை நன்றாகக் கிட்டப் பிடித்துப் பார்த்தா.
"அது குசினியெல்லே. செருப்போட எப்பிடிப் போறது?"

மின்கலம் பதினொரு வீதம்.
கோட்டை நேராக்கவா என்று மென்பொருள் கேட்டது.
வேண்டாம் என்று அழுத்திச் சேமித்தேன்.

கந்தோரில் பிழை என்பார்கள்.
சொல்லட்டும். மூன்று மீற்றர் வரை பிழை வரும் என்று
கருவியோடு வந்த புத்தகத்திலேயே போட்டிருக்கிறது.