எட்டுக் கிலோ

ஆனி பிறந்து பதினோரு நாள்.
மலையைக் காணோம்.
தென்காசி முழுக்க
யாரோ ஈரக்கையை உதறிக்கொண்டே இருக்கிறார்கள்.
இதை மழை என்றால் ஊரே சிரிக்கும்.
சாரல்.
நனைக்காது, காயவும் விடாது.

சட்டையில் அந்தோணி என்று பட்டை குத்திய பையன்
"டிரையர்ல மூணு தினுசு இருக்கு மேடம்" என்றான்.
ஒன்று, ஈரக்காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளும்.
சுவரில் ஓட்டை போட வேண்டும்.
(சுவர் சண்முகவடிவு அக்காவுடையது.
ஆணிக்கே அனுமதியில்லை;
எங்கள் காலண்டர் பிரிட்ஜ் மேல் சாய்ந்து நிற்கிறது.)
இரண்டாவது, ஈரத்தைத் தண்ணீராக்கி
உள்ளே ஒரு டப்பாவில் பிடித்து வைக்கும்.
மூன்றாவதும் அப்படித்தான்,
கரண்டு பாதிதான் தின்னும், சத்தமும் கம்மி,
விலை ஒன்றரைப் பங்கு.

தீர்த்தாரப்பன் மின்வாரியத்தில் கணக்கெடுப்பவர்.
கண்ணை மூடினால் ஊரார் மீட்டரெல்லாம் ஓடும் அவருக்கு.
"ஒரு ஓட்டத்துக்கு எத்தன யூனிட்டு?"
"வாரத்துக்கு எத்தன ஓட்டம் சார்?"
அவர் என்னைப் பார்த்தார்.
"வீட்ல எத்தன பேரு மேடம்?"
மூன்று பேர்.
"அப்ப ஆறு கிலோ தாராளம்."
எட்டு வேணும் என்றேன்.
"மூணு பேருக்கு எட்டு எதுக்கு?"

நியாயமான கேள்வி.
பெட்சீட் இரண்டு, போர்வை ஒன்று,
ரப்பர் சீட்டுக்கு மேல் நாலாக மடித்து விரித்த பழைய வேட்டி,
ஒரு டிரவுசர், ஒரு பனியன்.
இது ஒரு ராத்திரி.
வாரத்தில் இப்படி ஐந்து.

மாடிக்கொடி இரண்டு வீட்டுக்கும் பொது.
சண்முகவடிவு அக்கா பேப்பர் வாங்குவதில்லை,
கொடியை வாசிப்பார்கள்.
"என்னட்டி, இன்னிக்கும் பெட்சீட்டா?"
"தூசிக்கா."
"நேத்து?"
"அது பூனை."
இல்லாத பூனைக்கு
கருவாட்டுத் தலை கொடுத்தனுப்பியதும் உண்டு.

சொரிமுத்துவுக்குச் சித்திரையில் பன்னிரண்டு முடிந்தது.
வளர வளரச் சரியாகிவிடும் என்றார்
பாளையங்கோட்டை டாக்டர்.
"எவ்வளவு வளர?"
அன்று சாயங்காலமே சுவரில் முதுகை ஒட்டி நின்று
தலைக்கு மேல் ஸ்கேல் வைத்துக் கேட்டான்.

கடைக்குள் நுழைந்ததிலிருந்து
ஒரு மிஷினின் வட்டக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறான்.
உள்ளே எதுவும் ஓடவில்லை.
அவன் முகம்தான் தெரிகிறது.
பிறகு வந்தான்.

"அண்ணே, இது எம்புட்டுச் சத்தம் போடும்?
ராத்திரி மூணு மணிக்கு ஓட்டுனா
மாடி வீட்டுக்குக் கேக்குமா?"

"மூணு மணிக்கு எதுக்குத் தம்பி?"

நான் வாயைத் திறப்பதற்குள்
"எனக்கு நைட் ஷிப்டு" என்றார் தீர்த்தாரப்பன்.
"வந்ததும் யூனிபாரத்தக் காயப்போடணும்."
கணக்கெடுப்பவருக்கு ஏது நைட் ஷிப்டு,
இருட்டில் எந்த மீட்டரை வாசிப்பார்?
காதோரம் சிவந்திருந்தது.
அதற்குப் பிறகு அவர் யூனிட் கேட்கவில்லை.
மூன்றாவது தினுசு.
எட்டுக் கிலோ.
பத்துத் தவணை.

முதல் ராத்திரி மூன்றே கால்.
தூரத்தில் ரயில் போகிற அளவுக்குத்தான் சத்தம்.
முட்டைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்து
கடைசிச் சுற்று வரை பார்த்தான்.
டப்பாவை நான் எடுக்கப் போனேன்.
"நான் ஊத்துதேன்" என்றான்.
கதவைத் திறந்துகொண்டு போனவன்
கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தான்.

நாலாம் நாள் மாடிப்படியில் அக்கா.
"கொடி வெறிச்சுன்னு கெடக்கு,
ஊருக்குப் போயிருந்தியளா?"

விடிகாலையில் மிஷினிலிருந்து எடுத்து
மடித்து வைத்திருந்த பெட்சீட் இரண்டைத்
தூக்கிக்கொண்டு ஏறினேன்.
உதறி விரித்துக் கிளிப் மாட்டினேன்.
மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது.
பூப்போல விழத் தொடங்கியது.

"ஏட்டி, துணி நனையுது, எடுக்கலையா?"

"காயட்டும்க்கா" என்றேன்.