குளிருக்கு வைத்த சுருதி

இன் ஆற்றங்கரையில், கோட்டைப் பாறையின் அடியில்
ஒரு கண்ணாடி அறை.
ஆண்டுக்கு இரண்டு முறை, விடியுமுன்,
அதற்குள் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டையாக
அழுத்திப் பிடிப்பது என் வேலை.
மணிக்கணக்கில் கூலி. நகராட்சி தருகிறது.
மற்ற நாட்களில் கடிதம் சுமக்கிறேன்.

மேலே, கோபுரத்தில்,
நாலாயிரத்துச் சொச்சம் குழாய்களுக்கு நடுவே
கெப்ஹார்ட் குந்தியிருப்பான்,
காதில் பஞ்சு, கையில் பித்தளைக் கூம்பு.
தொலைபேசியில் ஒரே சொல்: "அடுத்தது."
நான் விரலை நகர்த்துவேன்.
ஒலி பாறையிறங்கி என்னிடம் வருவதற்குள்
ஒரு மூச்சு இழுத்து விட்டுவிடலாம்.
இங்கே வாசிக்க வருகிறவர்களுக்கு முதல் பாடம்:
காதை நம்பாதே, கை போகிற வழியே போ,
நின்று கேட்டால் தடுமாறுவாய்.
அணிவகுப்பிலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்
என்றேன் ஒருமுறை.
அவன் சிரிக்கவில்லை. "அடுத்தது" என்றான்.

முதல் போரில் மாண்டவர்களுக்கென்று கட்டியது.
கட்டிய கடன் அடையுமுன் அடுத்த போர் வந்தது.
கல்லாக இருந்தால் பெயர் செதுக்க இடம் தேடியிருப்பார்கள்.
இது காற்று. இடித்துப் பிடித்து எல்லாரும் ஏறிக்கொண்டார்கள்.

குளிரில் தகரக் குழாய்கள் சுருதி இறங்கும்.
நாக்கு வைத்த குழாய்கள் மட்டும்
நின்ற இடத்தில் நிற்கும்.
பேசத் தெரிந்தவை ஒரு பக்கம்,
வெறும் மூச்சு மட்டும் உள்ளவை ஒரு பக்கம்.
ஜூலைக்குச் சரிசெய், பயணிகள் வரும் மாதம்
என்கிறது நகராட்சி.
கெப்ஹார்ட் தலையாட்டிவிட்டு வந்து
அக்டோபர் குளிரில்
நாக்குகளைக் கீழே இறக்கி வைக்கிறான்,
கல்லறைத் திருநாளுக்குப் பொருந்தும்படி.
ஜூலை நண்பகலில் எல்லாம் கொஞ்சம் புளிக்கும்.
ஐஸ்கிரீம் தின்கிறவர்களுக்கு அது தெரியாது.

இந்த அக்டோபரில் ஒருவர் கண்ணாடியைத் தட்டினார்.
இரவு ரயிலில் இறங்கி,
காப்பிக்கடை திறக்கக் காத்திருந்தவர்.
ஒதோரிகோ, ட்ரென்டோவுக்கு மேலே ஏதோ பள்ளத்தாக்கு.
பர்சிலிருந்து ஒரு படம் எடுத்தார்:
பாட்டனாரின் தந்தை, எங்கள் பேரரசரின் சட்டையில்.
கலீசியாவில் விழுந்தாராம்.
பிறகு எல்லைக்கோடு நகர்ந்தது,
வீடு இத்தாலிக்குள் போயிற்று.
"தோற்றவன் சட்டையில் செத்தவருக்கு
எங்கள் ஊரில் கல் கிடையாது" என்றார்,
மழை வரும்போல இருக்கிறது என்பதுபோல.

ஒரு கட்டை அழுத்தலாமா என்று கேட்டார்.
விதிப்படி கூடாது. நகர்ந்து இடம் விட்டேன்.
அழுத்தினார்.
ஒன்றும் கேட்கவில்லை.
விரலை எடுத்துக்கொண்டு,
பழுதாக்கிவிட்டேனோ என்று என்னைப் பார்த்தார்.
அப்போது வந்தது ஒலி,
வெறுங்கையோடு நின்றவரைத் தேடி.

தொலைபேசி: "யார் அது?"
"ஒதோரிகோ" என்றேன்.
ஊர்க்காரன் பெயரைச் சொல்வதுபோல வந்துவிட்டது.
கொஞ்ச நேரம் கம்பியில் காற்று மட்டும்.
"அந்தக் குழாய் விலகியிருக்கிறது.
மறுபடி அழுத்திப் பிடிக்கச் சொல்."

அவர் பிடித்தார்.
இரண்டு குழாய்கள் மயிரிழை பிரிந்தால்
இடையில் ஒரு விம்மல் எழும்.
ஆற்றைத் தாண்டிக் கேட்டது.
எங்கோ ஒரு ஜன்னல் திறந்து படீரென மூடியது.
மேலே கூம்பு ஒரு தட்டு, இன்னொரு தட்டு.
விம்மல் அகன்றது,
வண்டிச்சக்கரம் ஓய்வதுபோல மெதுவாயிற்று,
இரண்டு ஒன்றாயிற்று.

எட்டு மணிக்கு என் தபால்பை காத்திருக்கும்.
ஒதோரிகோவின் நகக்கண் வெளுத்திருந்தது.
"விடலாமா?" என்றார் வாயசைவில்.
நான் தொலைபேசியைக் காதோடு அழுத்தினேன்.
அடுத்தது என்று
இன்னும் யாரும் சொல்லவில்லை.