செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு

திரையின் மூலையில் அந்த நீலப் பெட்டி
மூன்று மாதமாக வந்து வந்து நிற்கிறது:
அக்டோபர் பதினான்கோடு ஆதரவு முடிகிறது.
'பிறகு நினைவூட்டு' என்பதை அமுக்கி அமுக்கி
நிபியாவின் மௌஸுக்கு இடது காது மட்டும்
வழவழத்துவிட்டது.

சால்ட்டோவில் அக்டோபர் என்றால் கத்தரிப்புக் காலம்.
லாரிகள் ஆட்டு நெடியோடு
ஆய்வகத்தின் பின்வாசலில் வந்து பெருமூச்சு விடும்.
பொதிக்கு ஒரு பிடி கம்பளி.
கழுவி, உலர்த்தி, பொடியாக நறுக்கிக்
கருவியின் வாயில் தூவினால்
இழையின் தடிமனைக் கணினி சொல்லும்.
பத்தொன்பது மைக்ரான் என்றால்
ஒலெகாரியோ பெந்தன்கோரின் மகளுக்குப்
பல்லில் கம்பி கட்டலாம்.
இருபத்தொன்று என்றால் அடுத்த வருடம் பார்க்கலாம்.

இயங்குதளம்.
தளம் என்றால் தரைதானே.
ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.
இனி இதை யாரும் பெருக்க மாட்டார்கள்,
ஓட்டை விழுந்தால் பூச மாட்டார்கள்,
அவ்வளவுதான் சேதி.
இடிந்து விழும் என்று எவரும் சொல்லவில்லை.

மொண்டெவிதேயோவிலிருந்து ஹெபெர் வந்தான்,
மாத்தேவுக்கான வெந்நீர்க் குடுவையைக் கக்கத்தில் இடுக்கியபடி.
மேசைக்கடியில் தவழ்ந்து, தும்மி, எழுந்தான்.
புதிய தளத்தை இந்தப் பெட்டி தாங்காது.
பெட்டியை மாற்றலாம்தான்,
ஆனால் கருவியைப் பேசவைக்கும் நிரலை எழுதிய கம்பெனி
கடையைக் கட்டி ஒன்பது வருடம்.
கருவியையும் சேர்த்து மாற்றினால்...
விலையைத் துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்துக் கொடுத்தான்,
நோயாளியை எதிரில் வைத்துக்கொண்ட மருத்துவரைப் போல.
நிபியா பிரித்துப் பார்த்தாள்.
"எத்தனை ஆடு?" என்றேன்.
"ஆட்டில் கேட்காதே, மந்தையில் கேள்."

காசு கட்டினால் இன்னும் ஒரு வருடம் ஒட்டுப்போடுவார்களாம்.
லினக்ஸ் இலவசம்,
அதற்கும் கருவியின் பாஷை தெரியாது.
ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம்.
பக்கத்து ஊர்க் கூட்டுறவில் அப்படித்தான் இருந்தார்கள்.
ஒரு காலையில் பால் கணக்கெல்லாம் பூட்டிக் கிடந்தது;
சாவிக்கு விலை கேட்டு
யாரோ மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

செவ்வாய் இரவு எட்டு மணி.
கடைசி ஒட்டு இறங்கி முடிந்தது.
மூன்று பிரதி எடுத்தோம்:
ஒன்று இரும்பு அலமாரியில்,
ஒன்று நிபியாவின் கைப்பையில்,
ஒன்றை எங்கே வைத்தேன் என்று இன்னும் தேடுகிறேன்.
பிறகு ஹெபெர் சுவரைக் காட்டினான்.
நான்தான் பிடுங்கினேன்.
நீல வடம், நகமளவு ஒரு பிடி, ஒரு சின்னச் சொடக்கு.
என்ன எதிர்பார்த்தேனோ,
கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.
நேற்றுவரை கணினி,
இன்று ஆதரவற்ற கணினி.
சொல்லிப் பார்த்தால்
ஏதோ விடுதியின் பெயர்ப்பலகை போல இருக்கிறது.
அது பாட்டுக்கு
அடுத்த மாதிரியை அளந்தது:
இருபது புள்ளி நான்கு.

இப்போது அளவுகளை அச்சிட்டு, எடுத்துக்கொண்டு நடந்து,
அடுத்த அறையின் புதுக் கணினியில்
நாங்களே தட்டுகிறோம். பதினோரு அடி தூரம்.
அந்தப் பதினோரு அடிக்குள்
19.2 ஒருமுறை 21.9 ஆகிவிட்டது.
ஒலெகாரியோ தொலைபேசியில் கத்தவில்லை.
"என் ஆட்டை எனக்குத் தெரியும், பெண்ணே.
மறுபடி பார்."
பார்த்தேன்.
மன்னிப்புக் கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

ஹெபெர் சொல்ல மறந்தது ஒன்று உண்டு.
வலையிலிருந்து கழற்றிய கணினிக்கு
மணி சொல்ல ஆளில்லை.
வாரத்துக்கு இருபது விநாடி பின்தங்குகிறது.
திங்கள்தோறும் நிபியா
தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் திருத்துகிறாள்.
பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று
அவளே ஐந்து நிமிடம் கூட்டி வைத்த கடிகாரம் அது.

ஆகவே, சான்றிதழ்களின்படி,
எங்களிடம் வரும் கம்பளியெல்லாம்
ஐந்து நிமிடம் முன்னதாகவே அளக்கப்பட்டுவிடுகிறது.
வாங்குகிறவர்கள் யாரும்
இதுவரை கேட்கவில்லை.