பந்திவஞ்சனை

மார்ச் பதினொன்று. டொலிடோவில்
நடைபாதை ஓரம் அழுக்குப் பனி இன்னும் கிடக்கிறது.
கண்ணாடிக் கதவுக் கம்பெனியின் கோப்பு வந்திருக்கிறது,
நாற்பத்தேழு வரி.
பெயர் கிடையாது. பிறந்த தேதி, சேர்ந்த தேதி,
உழைத்த மணி, வாங்கிய சம்பளம்,
ஓய்வுக்கென்று அதில் எடுத்துவைத்தது எவ்வளவு.

மேல்வரிசை இலையில் விழுந்ததற்கும்
கீழ்வரிசை இலையில் விழுந்ததற்கும்
எத்தனை தூரம் என்று அளந்து சொல்ல
எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.
சட்டம் இதற்கு வாய் வலிக்கும் நீளத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறது.
நமக்கு ஒரே சொல் போதும்:
பந்திவஞ்சனை.

முதலில் மேல்வரிசையைப் பிரிக்கவேண்டும்.
முதலாளி. அவர் மனைவி. விற்பனை மேலாளர்.
நான்காவது ஒரு பையன், இருபத்திரண்டு வயது,
லாரி கழுவுகிறான், வருடத்துக்கு முப்பத்தோராயிரம் டாலர்.
முதலாளியின் மகன். அதனால் அவனும் மேலே.
சம்பளத்தால் அல்ல, பிறப்பால்.
பயிற்சி வகுப்பில் மற்றவர்களுக்கு இது புரிய
அரைமணி நேரம் ஆயிற்று.
எனக்கு ஆகவில்லை.

மீதி நாற்பத்து மூன்று பேர்.
பத்தொன்பது பேருக்கு எதிரே சுழி.
சேரத் தகுதி உண்டு, ஒரு காசும் போடவில்லை.
கூட்டலுக்குச் சுழி எதுவும் தராது.
வகுத்தலில் மட்டும்
தவறாமல் வந்து நிற்கும், ஓர் ஆளாக.

கீழே சராசரி மூன்று புள்ளி ஒன்று.
மேலே ஏழு புள்ளி இரண்டு.
இடையில் இரண்டு வரை பொறுப்பார்கள்.
தோற்றது.

ஓரோஸ் போனில் கேட்டார்:
"அந்தச் சுழிகளை எடுத்துவிட்டுப் போட்டுப் பாருங்களேன்."
அவர் கேட்குமுன்பே, யாருக்கும் சொல்லாமல்,
போட்டுப் பார்த்திருந்தேன்.
ஐந்து புள்ளி ஐந்து ஐந்து.
தேறிவிடும்.
"முடியாது" என்றேன் ஆங்கிலத்தில்.
மிச்சத்தை எனக்குள் சொல்லிக்கொண்டேன்:
இலை போட்டாயிற்று ஐயா,
உட்காராதவரும் பந்திக் கணக்குதான்.

வரி இருபத்தெட்டு.
பிறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு.
சென்ற ஆண்டு உழைத்தது
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு மணி.
வகுத்தேன்: வாரம் ஐம்பத்தாறு,
ஒரு வாரம்கூட விடாமல்.
எதிரே சுழி.
ஏன் என்று கேட்கும் பத்தி கோப்பில் இல்லை.
அந்தச் சுழிதான் எட்டிப்போய்
ஓரோஸின் சட்டைக் காலரைப் பிடித்திருக்கிறது.
பிடித்தவருக்கு அது தெரியாது.
தெரிந்தாலும் என்ன?
பதினைந்தாம் தேதிக்குள்
மேல்வரிசையில் அதிகம் விழுந்ததை வழித்தெடுத்து
மேல்வரிசைக்கே காசோலையாகக் கொடுப்போம், வரி கட்டச் சொல்லி.
கீழே ஒரு பருக்கை விழாது.
இதற்குத் திருத்தம் என்று பெயர்.

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில்
இன்னொரு வழியும் எழுதியிருந்தேன்.
அடுத்த வருடம் முதல் எல்லோருக்கும் மூன்று சதவீதம்,
அவர்கள் போட்டாலும் போடாவிட்டாலும்,
முதலாளி கையிலிருந்து.
"எவ்வளவு ஆகும்?"
ஐம்பத்தேழாயிரம் என்றேன்.
அவர் பின்னால் கண்ணாடி அறுபடும் சத்தம்
கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.
"யோசிக்கிறேன்" என்றார்.
போன வருடக் குறிப்பிலும் அதே சொல்,
என் கையெழுத்தில்.

ஆறு மணி. என் சம்பளச் சீட்டில் நான்கு சதவீதம்.
வேறு ஊரில் வேறு யாரோ
என்னையும் பெயரில்லாமல் கூட்டி வகுத்திருப்பார்.
வரி இருபத்தெட்டுக்கு இந்நேரம்
இரண்டாவது ஷிப்ட் தொடங்கியிருக்கும்.

கோப்பை மூடப் போனால்
கணினி வழக்கம்போல் கேட்கிறது,
சேமிக்கவா என்று.