வாடிக்கையாளர் சொன்னது

ஜாப் கார்டில் அப்படியொரு கட்டம் உண்டு,
நான்கு வரி இடம்.
அவர்கள் சொன்னதை
அவர்கள் சொன்னபடியே எழுத வேண்டும்.
எழுதியிருக்கிறேன்:
‘கொலுசு போட்ட மாதிரி இடது பக்கம்.’
‘மாமியார் ஏறினா மட்டும் கடகட.’
‘சத்தம் வருது. உங்க எதிர்ல வராது.’

பொம்மனஹள்ளி. எதிரே தூணின் மேல்
மெட்ரோ போகிறது.
கீழே யாரும் போவதில்லை, நிற்கிறார்கள்,
கிளட்ச்சில் கால் வைத்தபடி
சில்க் போர்டு வரைக்கும்.
அந்தக் கால்களால்தான் எனக்குச் சம்பளம்.

செவ்வாயன்று கோதண்டபாணி வந்தார்.
சாம்பல் நிற வண்டி, எண்பத்திரண்டாயிரம் கிலோமீட்டர்,
பின்கண்ணாடியில் பிள்ளை படிக்கும் பள்ளியின் பெயர்.
‘ஒண்ணுமில்ல ஜெசிந்தா மேடம்,
பிக்கப் கொஞ்சம் கம்மி.
அப்படியே வாஷ் பண்ணிக் குடுத்துடுங்க.’
நான்கில் ஒரு வரி நிரம்பியது.

நஞ்சுண்டா பானெட்டைத் தூக்கி
டிப்ஸ்டிக்கை உருவி
துடைக்காமல் என்னிடம் நீட்டினான்.
‘நோடி மேடம்.’
ஒரே எண்ணெயில்
மூன்று தீபாவளிக்குப் பலகாரம் சுட்டதுபோல் இருந்தது.
போன் போட்டேன்.
‘ஆயில் மாத்தலையா சார்?’
‘கொறஞ்சப்பல்லாம் ஊத்தினேனே.’

குறைந்தபோதெல்லாம் ஊற்றியிருக்கிறார்,
நான்கு வருடமாக,
அழுக்கின் மேல் புதிது, அதன் மேலும் புதிது.
தவறென்று சொல்ல வாய் வரவில்லை.
என் தம்பியின் கடனை
நான் அப்படித்தான் அடைத்துவருகிறேன்.

ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர்.
மூடிக்குள் சுண்ணாம்பு,
இந்த ஊரில் வெந்நீர்ப் பாத்திரத்தில் படியுமே, அதேதான்.
முன்சக்கரத்தில் பிரேக் பேடு அப்பளக் கனம்,
ஒரு பக்கம் அதுவும் இல்லை,
இரும்பை இரும்பு தின்றிருக்கிறது.
கத்தியிருக்குமே, காது கூசியிருக்குமே என்று
சாவியைத் திருகினேன்.
பாட்டு வந்தது.
வந்த வேகத்தில் நஞ்சுண்டா
கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டான்.

சரி, விளக்கு?
எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு
எங்கே எரிய வேண்டுமோ அங்கே
ஒரு பொட்டு.
ஸ்டிக்கர் பொட்டு. மெரூன்.
வெயிலில் ஓரம் சுருண்டிருந்தது.
நகத்தால் பெயர்த்தேன்.
அடியில் எரிந்துகொண்டிருந்தது,
எத்தனை மாதமாகவோ
முக்காட்டுக்குள் முணுமுணுப்பதுபோல்.

எஸ்டிமேட் சொன்னதும்
மறுமுனையில் யாரோ டிவியை நிறுத்தினார்கள்.
‘ஓடிக்கிட்டுத்தானே மேடம் இருந்துச்சு?’
ஓடியது சார், என்றேன்.
வேறென்ன சொல்ல.

வெள்ளிக்கிழமை அவர் மனைவி வந்தார்,
ஆட்டோவில், குடையோடு.
பழைய உதிரிகளைப் பையில் போட்டுத் தருவது
எங்கள் வழக்கம்:
பேடு நான்கு, ஃபில்டர் ஒன்று.
பொட்டை என்ன செய்வதென்று தெரியாமல்
பில்லின் மூலையில் ஒட்டியிருந்தேன்.

பார்த்தார்.
நெற்றியில் அதே மெரூன்.
‘அதப் பாத்தா அவருக்குக் கை நடுங்கும் மேடம்.
அப்போ அவருக்கு வேலை போயிருந்துச்சு.
நாந்தான் ஒட்டினேன்.’
பில்லை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.
அந்த ஜாப் கார்டில்
இன்னும் மூன்று வரி காலியாக இருந்தது.
நான் எழுதவில்லை.

சாவியைத் திருகியதும் பதறினார்:
‘ஐயோ, எல்லாமே எரியுதே!’
‘எரியணும். ஸ்டார்ட் பண்ணுங்க.’
பேட்டரி அணைந்தது, ஆயில் அணைந்தது,
மஞ்சள் கொஞ்சம் யோசித்துவிட்டு அணைந்தது.
‘என்னிக்காவது சாவி போட்டதும்
அது எரியவே இல்லன்னா,
அப்பவும் வாங்க.’

தலையாட்டிவிட்டு ரோட்டில் இறங்கினார்.
இருபதடி போய் நின்றார்.
எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.
கிளட்ச்சிலிருந்து காலை எடுக்கச் சொல்ல
மறந்துவிட்டேன்.