ஞாயிற்றுக்கிழமைத் துணிக்கொடி

லூயிஸ் தீவில் என் வீட்டுக்கடியில் கிடக்கும் பாறைக்கு
வயது முந்நூறு கோடி.
பள்ளியில் அதைப் பாடமாக நடத்துபவளே நான்தான்.
நடத்திவிட்டு வந்து
ஆறே நாளில் உலகம் ஆன கதையைத்
தலைகுனிந்து கேட்டேன், பத்தொன்பது வருடம்.
இரண்டும் மோதிக்கொள்ளவில்லை.
பேச்சற்ற ஓரகத்திகள் மாதிரி
ஒரே அடுப்பை முறைவைத்துப் புழங்கின.

பிறகு தம்பி டோரமட் படுக்கையில் விழுந்தான்.
பிப்ரவரி. ஒரே இரவில் நான்கு விரிப்புகள் நனைந்தன,
மாற்ற ஐந்தாவது இல்லை.
விடிந்தால் ஞாயிறு. நல்ல காற்று.
எங்கள் ஊரில் ஞாயிறன்று
கொடிகூடச் சும்மாதான் இருக்கும்.

உலர்த்தினேன்.
விரல்கள் நடுங்கின,
குளிரால் என்று வைத்துக்கொண்டேன்.
வெள்ளை வெளேரென்று நான்கு விரிப்பு
தெருவுக்கே கேட்கும்படி படபடத்தது.

தேவாலயத்துக்குப் போகிற வழியில்
எதிர்வீட்டு ஷோனட் நின்றாள்.
தொப்பியை அழுத்திக்கொண்டாள்.
வேலிக்குள் கைவிட்டு
காற்றில் கழன்ற ஒரு முனையைக்
கிளிப்பில் மாட்டிவிட்டுப் போனாள்.

மத்தியானத்துக்குள் காய்ந்துவிட்டது.
அவ்வளவுதான் நடந்தது.

காரணங்கள் அப்புறம் வந்தன,
கல்யாணம் முடிந்து தபாலில் வரும் மொய்போல.
இப்போது கேட்டால் எட்டுப் பக்கம் எழுதுவேன்,
பாறையைச் சாட்சிக்கு அழைப்பேன்,
முந்தியே தெரிந்ததுபோல் பேசுவேன்.

டோரமட்டின் இறுதி ஆராதனையில்
கேலிக்கில் சங்கீதத்தின் முதல் வரியை ஒருவர் இழுக்க
என்னைக் கேளாமலே
தொண்டை எழுந்து போய்ச் சேர்ந்துகொண்டது.

ஷோனட் என்னைப் பார்க்கவில்லை.
புத்தகத்தை மட்டும்
கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தினாள்.
எனக்கு அது தேவையே இல்லை,
எல்லா வரியும் மனப்பாடம்.